முழங்காலில் வைத்த மூக்கு

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த வீட்டில் பழி யார் தலையில் வந்து உட்கார்ந்தது என்பது போன வார அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. பாவம் எங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பாக்கி.

விட்ட இடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பேக்கரியிலிருந்து ரொட்டியும் பன்னும் ஏற்றிக்கொண்டு, கடை கடையாக, ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போட்டுவிட்டு வரும் வேன் அது. அதை ஓட்டுகிற பெரிய மருமகளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்கூல் வாசலில் ஒரு வாண்டு ஆரம்பித்து வைத்தது, பன்னக்கா என்றே நிலைத்துவிட்டது. வண்டி புருஷன் பேரில். ஓட்டம் மட்டும் அவள் பேரில்.

நேற்றுக் காலை, மழை விட்ட கையோடு, ரயில் பாலத்தின் அடியில் தேங்கியிருந்த முழங்கால் அளவுத் தண்ணீரில் அந்த வண்டி விக்கி, இருமி, நின்றது. பாலத்துக்கு மேலே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். "லேடி டிரைவரு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒருத்தர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ட்ரேக்களை இன்னொரு வண்டிக்கு மாற்றுவதற்குள் பாதி ரொட்டி நனைந்து கூழானது. கயிறு கட்டி இழுத்து வந்து, வீட்டுக்குக் கீழேயே இருக்கும் மாமனாரின் பட்டறையில் வண்டியை விட்டார்கள்.

சாயங்காலம் பட்டறைக்கு வந்த மாமனார் கையை நீட்டினார். "சாவியைக் குடும்மா. தண்ணியில வண்டி ஓட்டத் தெரியாதவங்களுக்கு ஸ்டியரிங் எதுக்கு? இஞ்சின் சரியானதும் சின்னவன் ஓட்டட்டும்" என்றார். சின்னவன் என்றால் கொழுந்தன். எதிலும் வேகம் என்பதால் அவனுக்குப் புயல் என்று பட்டப்பெயர். அவன் தலை குனிந்தபடி சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அவள் புருஷன், பெரியவன், பக்கத்தில்தான் நின்றான். "விடும்மா" என்று மட்டும் சொன்னான்.

கதை இன்று அங்கேயிருந்து தொடங்குகிறது.

பழக்கதோஷம், விடியும் முன்பே பன்னக்காவுக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து முகம் கழுவி, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கை தன்னால் சாவி மாட்டும் ஆணிக்குப் போனது. ஆணி காலியாக இருந்தது. கீழே யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கி வந்த வேனைப் புயல் உறுமவிட்டுக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. கிளட்சை விடுவதற்கு முன்பே ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறான். அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

"எதுக்கு இவ்வளவு சீக்கிரம் எழுந்துட்டே? படுத்துக்கோயேன்" என்றான் பெரியவன், கட்டிலிலிருந்தே.

"தூக்கம் வரணுமே."

"ரெண்டு நாள் ரெஸ்ட்டுன்னு நினைச்சுக்கோ. அப்பா கோபம் பால் மாதிரி. பொங்கும், அடங்கிடும்."

"பொங்கினது சரி. சாவி உங்க தம்பி பையில இல்ல இருக்கு?"

"நான் பேசறேன்."

"நேத்தே பேசியிருக்கலாமே. பக்கத்துலதானே நின்னீங்க?"

அவனே எழுந்து போய் அவளுக்கும் சேர்த்து டீ போட்டு வந்தான். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. அவளுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. கோபமாக இருக்கும்போது புருஷன் நல்லவனாக நடந்துகொண்டால் யாரிடம்தான் கத்துவது?

உண்மையில் ரெண்டு நாளாகவே அவன் கவனிப்பு கொஞ்சம் அதிகம்தான். நேற்று வண்டி எடுக்கும் முன் வழக்கம்போல் பானட்டைத் தூக்கி ஆயில், தண்ணீர் பார்க்கப் போனவளை, "எல்லாம் நானே பாத்துட்டேன், நேரமாச்சு, நீ கிளம்பு" என்று அனுப்பி வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் செய்ததே இல்லை. பிறகு நனைந்துபோய், அவமானத்தில் வாய் உலர்ந்து பட்டறை வாசலில் வந்து நின்றபோதும், "நீ மேல போய்த் துணி மாத்து, வண்டியை நான் பாத்துக்கறேன்" என்றான். ஊரே சிரித்தாலும் நமக்கென்று ஒருத்தர் இருக்கிறார் என்று அந்த நேரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது நிஜம்.

ஆனால் இன்று காலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பத் திரும்ப யோசித்தது வேறு. அந்தப் பாலத்தடித் தண்ணீர் அவளுக்குப் புதுசா? மழைக்காலம் முழுக்க அதில்தான் போகிறாள், வருகிறாள். முதல் கியர், ஒரே சீரான மிதி, நடுவில் நிறுத்தக் கூடாது. நேற்றும் அப்படித்தான் போனாள். அவளுக்கு முன்னால் ஒரு ஓட்டை ஸ்கூட்டர்கூட அக்கரை சேர்ந்தது. தன் வண்டி மட்டும் ஏன் சாக வேண்டும்?

இன்னொன்றும் மனதை உறுத்தியது. நேற்று வண்டி எடுத்ததிலிருந்தே ஒரு புதுச் சத்தம். மிதித்தால் 'உஸ்ஸ்' என்று யாரோ பெருமூச்சு இழுப்பது போல. மேம்பாலத்தில் ஏறும்போது எப்போதும் முனகும் வண்டி, நேற்று குஷியாக ஏறியது. வண்டிக்கும் நல்ல நாள் போலிருக்கிறது என்று டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தாள், பாவம்.

அவளுக்கு அந்த சீட் வெறும் சீட் இல்லை. அதில் உட்காரும் முன் அவள் 'பெரியவன் பொண்டாட்டி'. விசேஷம் என்றால் பாத்திரம் கழுவக் கூப்பிடுவார்கள், மற்றபடி யாரும் தேட மாட்டார்கள். அதில் உட்கார்ந்த பிறகுதான் நாலு தெருவுக்கு அவள் பன்னக்கா ஆனாள். வார்டன் அம்மாள் அவளிடம்தான் மகள் கதையைச் சொல்வாள். கேன்டீன்காரர் அவள் வந்தால்தான் அடுப்பை மூட்டுவார். அதைத்தான் ஒரு சாவியோடு சேர்த்துக் கழற்றி வாங்கிவிட்டார்கள். கொள்ளையடித்தால்கூட ஒரு விசாரணை உண்டு. இங்கே அதுவும் இல்லை.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்கு இறங்கினாள். சீட்டில் போட்டு உட்காரும் குஷன் ஒன்று, வெயிலுக்குக் கட்டும் துணி ஒன்று, அவளுடைய சாமான்கள் வண்டியிலேயே கிடந்தன. அடுத்தவன் உட்காரப் போகிற இடத்தில் தன் குஷன் எதற்கு என்று வீம்பு.

மாமனார் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்திருந்தார். பெரியவன் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்பேனர் போட்டு இஞ்சினைக் கையால் சுற்றினான். பிளக் இருந்த துவாரத்திலிருந்து கலங்கல் தண்ணீர் பீச்சியடித்தது.

"பாரும்மா. வயிறு முட்டக் குடிச்சிருக்கு" என்றார் மாமனார். "காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வந்து தண்ணியில முட்டினா, ராடு வளையாம என்ன செய்யும்? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொல்லி வச்சாங்க?"

குஷனை எடுக்கப் போன கை நின்றது.

"ஆழம் தெரியும் மாமா. பாலத்துத் தூண்ல வெள்ளைப் பட்டை அடிச்சிருக்காங்க. பட்டை தெரிஞ்சா போகலாம், முழுகிட்டா திரும்பிடணும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். நேத்து பட்டை முழுசாத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சிருந்தா இவ்வளவு தண்ணி எப்படிம்மா உள்ள போகும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இந்த வண்டி எங்கேர்ந்து மாமா மூச்சு வாங்குது?"

"இது தெரியாதா? இதோ." ஹெட்லைட்டுக்கு மேலே, பானட் விளிம்பை ஒட்டி எட்டிப் பார்க்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வாயைக் காட்டினார். அதிலிருந்து காற்று ஃபில்டர் டப்பாவுக்குப் போய், டப்பாவிலிருந்து தடித்த குழாய் வழியாக இஞ்சினுக்குள் போகும்.

"அப்ப அந்த உயரத்துக்குத் தண்ணி வந்திருக்கணும். ஹெட்லைட் முழுகியிருக்கணும். சீட்டு நனைஞ்சிருக்கணும்." குஷனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "தொட்டுப் பாருங்க. காய்ஞ்சு கிடக்கு."

மாமனார் தொட்டுப் பார்த்தார். வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது.

"அந்த டப்பாவைக் கொஞ்சம் திறங்க மாமா."

கொக்கிகளை நெம்பி மூடியைத் திறந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகித ஃபில்டர். பன்னக்கா அதைக் கையில் எடுத்துத் தட்டினாள். சொட்டுத் தண்ணீர் விழவில்லை. விழுந்தது தூசி.

ஃபில்டரை மாமனார் முன்னால் நீட்டினாள்.

"இஞ்சினுக்குள்ள குடம் குடமாத் தண்ணி. வழியில இருக்கற காகிதத்துல ஒரு பொட்டு ஈரம் இல்லை. தண்ணி எந்த வழியா மாமா போச்சு? சாவித் துவாரம் வழியாவா?"

மாமனார் ஃபில்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடி பார்த்தார். எத்தனையோ வண்டி பார்த்த மனிதர். மருமகள் கேட்ட கேள்வி நேற்றே தனக்கு ஏன் தோன்றவில்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தோன்றியிருக்காது. குற்றவாளி தயாராகக் கையருகே நிற்கும்போது யார் ஃபில்டரைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து இரவல் வேன் வந்து நின்றது. புயல் இறங்கினான், ட்ரேக்களும் அவனுமாகக் களைத்துப் போய்.

"அண்ணி, அந்த வார்டன் அம்மா ஏன் அப்படிக் கத்தறாங்க? கேன்டீனுக்குப் போக வேண்டிய கிரீம் பன்னை ஆஸ்பத்திரியில இறக்கிட்டேனாம். ஆஸ்பத்திரி பிரெட்டு ஸ்கூலுக்குப் போயிடுச்சாம். ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் 'பன்னக்கா எங்கே'ன்னுதான் கேக்கறாங்க. எனக்கு…"

பேசிக்கொண்டே வந்தவன் கண்ணில் அப்பா கையில் இருந்த ஃபில்டர் பட்டது. முகம் வெளுத்தது.

"நான் ஃபில்டரைத் தொடவே இல்லையே!" என்றான்.

யாரும் அவனை இன்னும் எதுவும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பிள்ளை முந்திக்கொண்டு சொன்னால், குதிரைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை மிச்சம்.

"வாடா ராஜா" என்றார் மாமனார். "தொடாததைப் பத்திக் கொஞ்சம் சொல்லு, கேப்போம்."

புயலுக்குப் பொய் வராது; வேகம்தான் வரும். ரெண்டு நிமிஷம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் போய் ஒரு சாக்குப்பையை இழுத்து வந்து கவிழ்த்தான். வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று, அதன் நுனியில் மாட்டும் கூம்பு மாதிரி சிவப்பு ஃபில்டர் ஒன்று. சிவப்பு என்பது சொன்னால்தான் தெரியும். அத்தனை சேறு அப்பியிருந்தது.

"இஞ்சின் நல்லா மூச்சு விட்டா இழுவை கூடும்ப்பா. அந்த டப்பா மூக்கடைச்ச மாதிரி. அதைக் கழட்டிட்டு இதை மாட்டினா காத்து தாராளமா வரும். ரேஸ் வண்டியில எல்லாம்…"

"எங்க மாட்டினே?"

"பம்பருக்குப் பின்னால. கீழ."

"கீழயா?"

"மேல வச்சா இஞ்சின் சூட்டுக் காத்துதான் வரும்ப்பா. கீழதான் குளிர்ந்த காத்து. குளிர்ந்த காத்து கெட்டிக் காத்து, அதனால பெட்ரோல் நல்லா எரியும். அது தப்பில்லையே? நிஜமாவே இழுவை கூடிச்சு. அண்ணிகிட்டயே கேளுங்க!"

"அட அறிவுக் கொழுந்தே!" மாமனார் தலையில் அடித்துக்கொண்டார். "மூக்கை எடுத்து முழங்கால்ல வச்சிருக்கே! முழங்கால் தண்ணியில இறங்கினா அது மூச்சா விடும்? தண்ணியில்ல குடிக்கும்!"

பன்னக்கா அந்தச் சேற்றுக் கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வண்டி. தினமும் விடியலில் தான் உட்காரும் வண்டி. அதன் மூக்கை இடம் மாற்றியிருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாலத்துக்கு முன்னாலேயே திரும்பியிருப்பாள். அவ்வளவுதான் விஷயம். ஒரே ஒரு வார்த்தை.

மாமனார் சிவப்புக் கூம்பைக் கீழே போட்டார். அவர் குரல் இறங்கியது.

"சரி விடு. ஆசைப்பட்டுட்டான். வயசு அப்படி. ஆனைக்கும் அடி சறுக்கும். நடந்தது நடந்து போச்சு, இனிமே ஆகவேண்டியதைப் பாப்போம்."

"என்ன மாமா சொன்னீங்க?"

"இல்லம்மா, சின்னப் பையன்…"

"நேத்து நான் செஞ்சேன்னு நினைச்சப்போ சாவியைப் புடுங்கினீங்க. காரணம் கேக்கலை, ஃபில்டரைத் திறக்கலை, என் வாயையும் திறக்க விடலை. இன்னிக்கு உங்க பிள்ளைன்னு தெரிஞ்சதும் ஆசையாயிடுச்சு, வயசாயிடுச்சு, ஆனைகூட வந்துடுச்சு! நான் சறுக்கினா மட்டும் ஆனை எங்க போகுது மாமா?"

மாமனாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

"அண்ணி, என்னை அடிச்சுடுங்க" என்றான் புயல். அழுதுவிடுவான் போலிருந்தது.

"அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன் தம்பி. கூம்பை மாட்டினது நீ. சரி. வண்டி செத்து வந்ததும் அதைக் கழட்டிச் சாக்குல ஒளிச்சு, பழைய டப்பாவை ஒண்ணும் தெரியாத மாதிரி மறுபடி மாட்டினது யாரு?"

புயலின் கண் ஒரு நொடி வண்டிக்கு அடியில் போய் வந்தது.

"அதுவும் நான்தான்."

"நேத்து மத்தியானம் நீ ஸ்பேர் வாங்க மாமாவோட டவுனுக்குப் போயிருந்தே."

"வந்து… வந்தப்புறம் மாட்டினேன்."

மாமனார் இந்தப் பேச்சில் தலையிடவில்லை. குழாய்க்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க, டப்பாவையும் குழாயையும் இறுக்கிப் பிடித்திருந்த வளையத்தைக் கழற்றப் போனார். அந்த வளையத்தின் திருகு எப்போதும் வலது பக்கம், கைக்கு வாகாக இருக்க வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் சட்டம். அவருடைய ஸ்க்ரூடிரைவர் பார்க்காமலே வலது பக்கம் போய்த் துழாவியது. திருகு இல்லை. மறுபடி துழாவினார். பிறகு எட்டிப் பார்த்தார். திருகு இடது பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.

பல வருஷத்துப் பழக்கம் வாயைத் திறந்தது.

"டேய் பெரியவனே, உன் நொட்டாங்கைப் புத்தியை வளையத்துல காட்டாதேன்னு எத்தனை தடவைடா சொல்றது? திருகை இந்தப் பக்கம் வச்சா மத்தவன் எப்படி…"

பாதியில் நிறுத்தினார்.

இந்த வீட்டில் இடதுகைக்காரன் ஒருவன்தான். அவன் மூடிய குழாயைத் திறக்க, அவன் முறுக்கிய பாட்டில் மூடியைக் கழற்ற எத்தனையோ முறை மல்லுக்கு நின்று சிரித்தவள் பன்னக்கா. இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெளிய வாங்க" என்றாள்.

பெரியவன் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து எழுந்தான். சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். தட்டி முடித்த இடத்தையே மறுபடி தட்டினான்.

"துணி மாத்திட்டு வான்னு என்னை மேல அனுப்பினீங்களே. இதுக்குத்தானா?"

"சொல்றதைக் கேளு. அப்பாவுக்குக் கோபம் வந்தா இவனைப் பட்டறையை விட்டே துரத்திடுவார். போன தடவையே துரத்தறேன்னார். உன்னைன்னா ரெண்டு நாள் திட்டுவார், அப்புறம் மறந்துடுவார். நீ… நீ தாங்கிப்பேன்னு நினைச்சேன்."

"தாங்கிப்பேன்னு."

"உன்னால முடியும்னுதான்…"

"சுமக்கறவ முதுகு வாகா இருக்குன்னு ஏத்தி வச்சுட்டீங்க! பாலத்து மேல நின்னவங்க சிரிச்சாங்க. அவங்களுக்கு விஷயம் தெரியாது, சிரிச்சுட்டுப் போறாங்க. மாமா சாவியைப் புடுங்கினார். அவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்! எல்லாம் தெரிஞ்சு, என் பக்கத்துல நின்னு, 'விடும்மா'ன்னு சொன்னீங்க. ராத்திரி முழுக்க என்ன தப்பு பண்ணினேன், எந்த இடத்துல மிதிச்சேன்னு நான் யோசிச்சுக்கிட்டே கிடந்தேன். நீங்க பக்கத்துல குறட்டை விட்டீங்க!"

"ஆயில் பாத்துட்டேன்னு சொன்னது?" அவளே கேட்டாள், அவளே பதிலும் சொன்னாள். "நான் பானட்டைத் திறந்துடக் கூடாதுன்னு. நான் என்னடான்னா, இந்த மனுஷனுக்கு என் மேல எவ்வளவு அக்கறைன்னு…"

துரோகத்தைவிட, அதைப் பார்த்துத் தான் சந்தோஷப்பட்டதுதான் அவளைக் கொன்றது.

புயல் தாங்காமல் வாயைத் திறந்தான். "அண்ணிகிட்ட சொல்லிடலாம்னு நான் சொன்னேன்ணா. நீதான் வேணாம்னே. மாட்டச் சொன்னதே நீதானே? எனக்காகன்னு ஏன் சொல்றே?"

"மாட்டச் சொன்னது இவரா?"

"ஆமா அண்ணி. வண்டிக்கு இழுவை பத்தலை, என்ன செய்யலாம்னு அண்ணன்தான் கேட்டான். நான் ரொம்ப நாளா ஆசைப்பட்டதாச்சே, உடனே மாட்டிட்டேன்."

பன்னக்கா புருஷனிடம் திரும்பினாள். "யாருக்கு இழுவை பத்தலை? தினம் ஓட்டறவ நான். நான் உங்ககிட்ட சொன்னேனா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இன்னும் ஒரு காய் மறைக்க இருப்பது போல, பெரியவனின் கண் அங்குமிங்கும் ஓடியது.

மாமனார் சின்னவனின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். துணியில் துடைத்தார். மருமகளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. நான் அவசரப்பட்டுட்டேன். வண்டி உன்னோடது. இஞ்சினை இவனுங்க ரெண்டு பேரும் சேர்ந்து சரி பண்ணிக் கொடுப்பானுங்க. வாங்கிக்கோ."

அவர் அப்படி இறங்கி வந்து யாரும் பார்த்ததில்லை. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே அழுது, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். பன்னக்கா கையை நீட்டவில்லை.

"நேத்து பேக்கரி அம்மாவுக்குப் போன் போனதே மாமா? 'மருமகளுக்கு ஓட்டத் தெரியலை, இனிமே தம்பி வருவான்'னு?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். தப்புதான்."

"சொன்னது இவர். உண்மை தெரிஞ்ச வாயாலயே சொன்னார். அதே வாயால இப்ப சொல்லணும். வண்டி ஏன் நின்னுச்சு, யார் நிறுத்தினாங்கன்னு. சத்தமா, ஸ்பீக்கர்ல. அதுக்கப்புறம் சாவியை வாங்கிக்கறேன்."

"சாயங்காலம் நேர்லயே போய்ச் சொல்லிடறேனே" என்றான் பெரியவன். "போன்ல எதுக்கு…"

"பழி போடறதுக்குப் போன் போதும், திருத்தறதுக்கு நேர்ல போகணுமா?"

"இப்ப பேக்கரியில கூட்டமா இருக்கும்…"

"போடுடா" என்றார் மாமனார்.

பெரியவன் போனை எடுத்தான். எண்ணெய்க் கை வழுக்கியது. ரெண்டு தடவை தப்பாக அழுத்தினான். மணி அடித்தது. எடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் அரும்பும்போதே, எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க தம்பி!" பேக்கரிக்கார அம்மாளின் குரல் பட்டறை முழுக்க ஒலித்தது. பின்னால் ட்ரே உரசும் சத்தம். "இஞ்சினைத் திறந்தாச்சா? நேத்து நீங்க போனை வச்சதிலேர்ந்து எனக்கு அதே கவலைதான். இந்த நேரம் பாத்தா இப்படி ஆகணும்?"

"அம்மா, ஒரு நிமிஷம், நான்…"

"ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாக்க வர்றேன்னாரே அந்த ஆளு, அவருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க? இழுவை இல்லைன்னு ஒரு தடவை வேணாம்னுட்டுப் போனவராச்சே. சரி பண்ணி வைக்கறேன்னு சொல்லித்தானே மறுபடி வரச் சொன்னீங்க?"

மாமனார் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. புயல் அண்ணனைப் பார்த்த பார்வையில், அவனுக்கும் இது புதுச் செய்தி என்று தெரிந்தது.

"அம்மா, நான் அப்புறமா…"

"அப்புறம் அப்புறம்னுதான் நீங்களும் தள்ளிக்கிட்டே போறீங்க. வண்டியை விக்கறதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா, இல்லையா? நீங்க சொல்ற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். ஆனா தினம் விடியக்காலம் வந்து சிரிச்சுக்கிட்டு ட்ரே ஏத்துதே, அது முகத்தைப் பாக்க என்னால முடியலை தம்பி."

பெரியவனின் இடது கை போனை அணைக்க விரைந்தது. பன்னக்கா அதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் குரலில் இப்போது கோபம்கூட இல்லை.

"அம்மா, நான் பன்னக்கா பேசறேன். அவர் இன்னும் சொல்லலை. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."